திரையில்லாத ராஸ்பெர்ரி பையை வீட்டு வைஃபையில் சேர்ப்பது எப்படி?

சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சை விளக்கு விட்டு விட்டு மினுக்குகிறது. பத்து நிமிடம் ஆகிவிட்டது. ரூட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தால் கைபேசி இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது. புதிதாக வாங்கிய போர்டு மட்டும் இல்லை. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டை வாங்கிய முதல் நாளில் பலரும் வந்து நிற்கும் இடம் இது. திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. என்ன கோளாறு என்று போர்டிடம் கேட்கக்கூட வழியில்லை.

நான் பார்த்தவரை இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை போர்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே உண்டாகிவிடுகின்றன. போர்டின் இயங்குதளம் இருக்கும் மைக்ரோ எஸ்டி கார்டில் எந்த வைஃபையின் பெயரை எழுதினோம், எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதினோமா, எந்த நாடு என்று சொன்னோமா என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் கார்டு எழுதும் கட்டத்தில் நிறைய நேரம் செலவிடப் போகிறேன். அதைப் பொறுமையாகச் செய்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

ராஸ்பெர்ரி பையை வைத்தே சொல்கிறேன். வேறு சின்னக் கணினி போர்டு வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர்கள் மாறும், செய்யும் முறை மாறாது. கட்டளைகளை இங்கே எழுத்தெழுத்தாகத் தமிழில் உச்சரித்துக் காட்டியிருக்கிறேன். கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் போர்டைத் திருப்பிப் பாருங்கள்

எல்லா ராஸ்பெர்ரி பையிலும் வைஃபை கிடையாது. 2012-இல் வந்த முதல் மாடலிலும், அடுத்து வந்த பை 2-இலும், டபிள்யூ என்ற எழுத்து இல்லாத ஜீரோவிலும் வைஃபை சிப் இல்லை. அவற்றுக்கு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் தனியாக வாங்கிச் செருக வேண்டும். போர்டிலேயே வைஃபை வந்தது 2016-இல் வெளியான பை 3 மாடல் பி-யிலிருந்துதான்.

இதைவிட முக்கியமான கேள்வி, உங்கள் போர்டு எந்த அலைவரிசையில் பேசும் என்பது. வீட்டு ரூட்டர்கள் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டிலும் ஒலிபரப்பும். பை 3 மாடல் பி, 2017-இல் வந்த ஜீரோ டபிள்யூ, 2021-இல் வந்த ஜீரோ 2 டபிள்யூ ஆகிய மூன்றுக்கும் 2.4 மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் பெயர் அவற்றின் கண்ணுக்கே படாது. 2018-இல் வந்த பை 3 பி பிளஸ், அதன் பிறகு பை 3 ஏ பிளஸ், பை 4, பை 400, பை 5 ஆகியவற்றுக்கு இரண்டும் தெரியும்.

ஜீரோ 2 டபிள்யூ புதிய போர்டுதானே, அதில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. வெளிவந்த வருடத்தை வைத்து முடிவு செய்யாமல் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யுங்கள். பெயர் போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

ஜீரோ டபிள்யூவை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது நான் இரண்டு மாலைகளை இதற்கே கொடுத்தேன். என் மடிக்கணினி ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைந்திருந்தது. கார்டு எழுதும் மென்பொருள் அந்தப் பெயரையே எடுத்துக் கட்டத்தில் தானாக நிரப்பிவைத்திருந்தது. நிரம்பியிருக்கிறதே என்று நானும் அடுத்த திரைக்குப் போய்விட்டேன். கார்டை மூன்று முறை மாற்றி எழுதினேன், மூன்று முறையும் அதே பெயர். கடைசியில் கைபேசியில் வைஃபை பட்டியலைப் பார்த்தபோதுதான், ஒரே பெயர் இரண்டு முறை வந்திருப்பதும், ஒன்றின் வாலில் மட்டும் "5ஜி" ஒட்டியிருப்பதும் கண்ணில் பட்டது. வால் இல்லாத பெயரைக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் போர்டு ரூட்டரில் வந்து நின்றது.

உங்கள் ரூட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கவலை வேண்டாம். போர்டு தனக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்ளும். ரூட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் மட்டும் அதை ஆன் செய்துவிடுங்கள்.

பவர் அடாப்டரும் கார்டும்

அடாப்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பை 3-க்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர், பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரைப் பரிந்துரைக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய கைபேசி சார்ஜரில் போர்டு எழுந்துகொள்ளும், ஆனால் சரியாக வேலை செய்யாது. மெல்லிய நீளமான கேபிள் இன்னும் மோசம், வோல்ட்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். அப்படி விழும்போது இணைப்பு அடிக்கடி அறுபடும், போர்டு தானாக மறுபடி தொடங்கும். நாம் வைஃபையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் சின்னம் தெரியும். திரை இல்லாதவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

மைக்ரோ எஸ்டி கார்டு 16 ஜிபி இருந்தால் தாராளம். கூடவே மடிக்கணினியில் செருக ஒரு கார்டு ரீடர்.

கார்டு எழுதுதல்

ராஸ்பெர்ரி பை நிறுவனமே தரும் இமேஜர் என்ற இலவச மென்பொருளை அவர்களுடைய தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. திறந்ததும் மூன்று விஷயம் கேட்கும்: எந்த போர்டு, எந்த இயங்குதளம், எந்தக் கார்டு. இயங்குதளத்தில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் எடுத்துக்கொள்ளுங்கள். திரை இணைக்கப் போவதில்லை என்றால் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு போதும், கார்டிலும் நினைவகத்திலும் இடம் மிச்சம். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது அளவைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். படங்கள் வைத்திருக்கும் வேறு பென் டிரைவைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

அடுத்து, அமைப்புகளை முன்கூட்டியே நிரப்பலாமா என்று கேட்கும். இங்கேதான் பலர் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். இமேஜரின் பதிப்புக்குப் பதிப்பு திரையின் தோற்றம் மாறும், ஆனால் கேட்கும் விவரங்கள் இவைதான்.

ஹோஸ்ட்நேம் என்பது வீட்டு நெட்வொர்க்கில் உங்கள் போர்டின் பெயர். மாற்றாவிட்டால் எல்லா போர்டுக்கும் "ராஸ்பெர்ரிபை" என்றுதான் இருக்கும். நாளைக்கு இரண்டாவது போர்டு வாங்கினால் இரண்டும் ஒரே பெயரில் முட்டிக்கொள்ளும். சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், அது செய்யப்போகும் வேலையை ஒட்டிப் பெயர் வையுங்கள். மாடியில் வைத்தால் "மாடி", கேமரா பூட்டினால் "கேமரா". இந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நீங்களே வைக்க வேண்டும். "பை" என்ற பயனரும் "ராஸ்பெர்ரி" என்ற கடவுச்சொல்லும் எல்லா போர்டிலும் தயாராக இருந்த காலம் 2022 ஏப்ரலோடு முடிந்தது. பழைய குறிப்பைப் படித்துவிட்டு அதையே தட்டிக்கொண்டிருந்தால் கதவு திறக்காது.

வைஃபை பெயர், கடவுச்சொல். இமேஜர் தானாக நிரப்பியிருந்தால் அப்படியே நம்பாமல், உங்கள் போர்டின் அலைவரிசைக்கு உரிய பெயர்தானா என்று பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டும் வேறு வேறாகவே கணக்கிடப்படும். கடவுச்சொல்லில் சிறிய எல் எழுத்தும் 1 என்ற எண்ணும், பெரிய ஓ எழுத்தும் 0 என்ற எண்ணும் ரூட்டர் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒன்றுபோலவே தெரியும். ஸ்டிக்கரைப் பார்த்துத் தட்டுவதைவிட, ஏற்கெனவே இணைந்திருக்கும் மடிக்கணினியில் சேமித்த கடவுச்சொல்லைக் காட்டச் சொல்லி, அதைப் பிரதியெடுத்து ஒட்டுங்கள். ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி கூடவே வந்துவிடுவதுண்டு. அதுவும் ஓர் எழுத்தாகவே கணக்கிடப்படும். வைஃபை கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63 எழுத்து.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பைட் மட்டும். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். "தமிழ்" என்ற ஒரு சொல்லே ஐந்து குறியீடு, 15 பைட். தமிழ்ப் பெயரில் இணையவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அப்படிப் பெயர் வைக்கப் பிடிக்கும். ஆனால் முதல் முறை போர்டை இணைக்கும்போது சந்தேகத்துக்கு இடமான விஷயங்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இணைத்துப் பழகிய பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

வைஃபை நாடு. இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் போர்டு மிகவும் பொருட்படுத்தும். எந்தச் சேனலில் (அலைவரிசைக்குள் எண்ணிட்ட பகுதிகளில் ஒன்று) எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். நாடு எது என்று சொல்லாதவரை ராஸ்பெர்ரி பை ஓஎஸ் வைஃபை ரேடியோவை ஆன் செய்யாமல் பூட்டியே வைத்திருக்கும். தவறான நாட்டைச் சொன்னாலும் சிக்கல்தான். அமெரிக்கா என்று விட்டுவிட்டு, உங்கள் ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருந்தால் போர்டு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. நீங்கள் இருக்கும் நாட்டின் இரண்டெழுத்துக் குறியைத் தேர்ந்தெடுங்கள்: இந்தியாவுக்கு ஐ, என், இலங்கைக்கு எல், கே, மலேசியாவுக்கு எம், ஒய், சிங்கப்பூருக்கு எஸ், ஜி.

கடைசியாக, எஸ்எஸ்எச் சேவையை ஆன் செய்து, கடவுச்சொல் மூலம் நுழைய அனுமதிக்கும் தேர்வைக் குறியிடுங்கள். தொலைவிலிருந்து போர்டுக்குள் போகும் வாசல் இதுதான். இதை விட்டுவிட்டால் போர்டு வைஃபையில் சேர்ந்துவிட்டாலும் நீங்கள் உள்ளே போக முடியாது.

எல்லாவற்றையும் சேமித்து, எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்துச் சரிபார்ப்பதற்கும் சேர்த்துச் சில நிமிடங்கள் ஆகும். சரிபார்ப்பை நிறுத்தாதீர்கள், கெட்டுப்போன கார்டை அதுதான் காட்டிக்கொடுக்கும். முடிந்ததும் விண்டோஸ் சில நேரம், "இந்த டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டுமா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டில் இருக்கும் லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாததால் வரும் கேள்வி அது. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடினால், கார்டின் பூட் பகுதியில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி அதில் வைஃபை விவரங்களை எழுதச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். ஒரு காலத்தில் அதுதான் சரியான வழி. 2023 அக்டோபரில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வர்ம் என்ற பதிப்பு வந்தபோது, நெட்வொர்க்கைக் கவனிக்கும் பொறுப்பு நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. அதன்பின் அந்தக் கோப்பை யாரும் படிப்பதில்லை. பிழை என்றும் காட்டாது, சும்மா கண்டுகொள்ளாமல் போய்விடும். ஒரு குறிப்பைப் பின்பற்றுமுன் அது எந்த வருடம் எழுதப்பட்டது என்று பாருங்கள்.

முதல் முறை ஆன் செய்தல்

கார்டைச் செருகிய பிறகே மின்சாரம் கொடுங்கள். முதல் முறைக்கு ரூட்டர் இருக்கும் அறையிலேயே போர்டை வைத்துக்கொள்ளுங்கள். அதை நிரந்தரமாக வைக்கப்போகும் இடத்துக்கு எடுத்துப்போவது பிறகு.

முதல் முறை எழும்போது போர்டுக்கு நிறைய வேலை இருக்கும். கார்டு முழுவதையும் பயன்படுத்தும்படி கோப்பு அமைப்பை விரிக்கும், நீங்கள் கொடுத்த விவரங்களை எடுத்து வைக்கும், நடுவில் தானாகவே மறுபடி தொடங்கவும் செய்யும். பை 4, பை 5 போன்றவை ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடும். ஜீரோ டபிள்யூவுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். பொறுமையிழந்து வயரைப் பிடுங்குவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. பாதியில் நின்ற கார்டு அடுத்த முறை எழாமலே போகலாம்.

பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் மினுக்கினால் கார்டைப் படிக்கிறது என்று பொருள், நல்ல அறிகுறி. ஒரே கணக்கில், உதாரணமாக நான்கு முறை மினுக்கி நிறுத்தி மறுபடி நான்கு முறை என்று வந்தால், இயங்குதளம் எழவில்லை. கார்டை மறுபடி எழுதுங்கள். அந்த நிலையில் வைஃபையைப் பற்றி யோசித்துப் பயனில்லை.

முகவரியைக் கண்டுபிடித்து உள்ளே போதல்

மடிக்கணினியும் போர்டும் ஒரே ரூட்டரில் இருக்கட்டும். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறங்கள், மேக், லினக்ஸ்காரர்கள் டெர்மினலைத் திறங்கள். எஸ், எஸ், எச் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பயனர் பெயர், அட் குறி, ஹோஸ்ட்நேம், புள்ளி, பிறகு லோக்கல் என்ற ஆங்கிலச் சொல். பயனர் "குமரன்", போர்டு "மாடி" என்றால், இடையில் எங்கும் இடைவெளி இல்லாமல் "குமரன்@மாடி.லோக்கல்" என்ற வடிவம் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். என்டர் தட்டுங்கள்.

முதல் முறை ஒரு நீளமான கைரேகைக் குறியைக் காட்டி, இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும். யெஸ் என்று முழுச் சொல்லாகத் தட்டுங்கள். அடுத்து கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்டு வேலை செய்யவில்லையோ என்று பயப்படாமல் தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள். இங்கே கேட்பது நீங்கள் உருவாக்கிய பயனருக்கான கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல் இல்லை. இரண்டையும் மாற்றித் தட்டுவது அடிக்கடி நடக்கிறது.

லோக்கல் பெயரில் பதில் வரவில்லையென்றால் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் ஹோஸ்ட்நேமும் பக்கத்தில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண்ணும் இருக்கும். பெயருக்குப் பதில் அந்த எண்ணைக் கொடுத்து நுழையலாம். கருவியின் பெயர் காட்டாத ரூட்டர்களும் உண்டு. அப்போது போர்டை அணைத்து ஒரு முறை பட்டியலைப் பாருங்கள், ஆன் செய்து இன்னொரு முறை பாருங்கள். புதிதாகச் சேர்ந்த வரிதான் உங்களுடையது.

ஏற்கெனவே ஒரு முறை நுழைந்த போர்டின் கார்டை மறுபடி எழுதினால், அடுத்த முறை எஸ்எஸ்எச் பெரிய எழுத்துகளில் மிரட்டலான எச்சரிக்கை காட்டி நுழைய விடாது. யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை. புதிதாக எழுதிய கார்டில் கைரேகைக் குறியும் புதிது, மடிக்கணினி பழையதை நினைவில் வைத்திருக்கிறது. எச்சரிக்கையிலேயே எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சொல்லியிருக்கும். அந்த வரியை நீக்கினால் போதும்.

வரவில்லையென்றால்

கண்டபடி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும், அடுத்த முறை மறுபடி தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

போர்டில் லேன் கேபிள் செருகும் இடம் இருந்தால் முதல் வேலை, அதை ரூட்டரோடு வயரால் இணைப்பது. வயர் வழியாகப் பட்டியலில் வந்துவிட்டால் கார்டு நன்றாக இருக்கிறது, மின்சாரம் போதுகிறது, குறை வைஃபை விவரத்தில்தான் என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் எஸ், யு, டி (சி-க்கு அடுத்து வரும் டி), ஓ, இடைவெளி, என், எம், டி (எஸ்-க்கு அடுத்து வரும் டி), யு, ஐ என்று தட்டுங்கள். எழுத்துத் திரையிலேயே ஒரு பட்டியல் வரும். அம்பு விசைகளால் நகர்ந்து, இணைப்பை ஆன் செய்யும் தேர்வுக்குள் போனால் போர்டின் கண்ணுக்குத் தெரியும் வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். உங்கள் வைஃபையின் பெயர் அதில் இருந்தால் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை மறுபடி கொடுங்கள். இல்லையென்றால் கடவுச்சொல்லில் குறை இல்லை. அலைவரிசை, சேனல், நாடு, தூரம் ஆகிய நான்கில் ஒன்றுதான். நாட்டை மாற்ற ராஸ்பி கான்ஃபிக் என்ற கருவியில் லோக்கலைசேஷன் பகுதிக்குள் வைஃபை நாடு என்ற தேர்வு இருக்கிறது.

ஜீரோ வகையில் லேன் இடம் கிடையாது. அதற்குக் கார்டை மறுபடி எழுதுவதுதான் விரைவான வழி. பத்து நிமிட வேலை, மணிக்கணக்கில் துப்பறிவதைவிட மேல்.

ரூட்டர் பக்கம் பார்க்க வேண்டியவை: பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய போர்டுகள் திணறும். 2-உம் 3-உம் கலந்த முறைக்கு மாற்றுங்கள். அனுமதித்த கருவிகள் மட்டும் என்ற வடிகட்டி ஆனில் இருந்தால் புதிய போர்டு வாசலிலேயே நிற்கும். விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்த்திருந்தால் இன்னொரு வகைக் குழப்பம்: போர்டுக்கு இணையம் கிடைக்கும், பட்டியலிலும் தெரியும், ஆனால் மடிக்கணினியிலிருந்து எட்ட முடியாது. விருந்தினர் நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுத்து வைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் இணைந்ததும் ஓர் உள்நுழைவுப் பக்கம் திறக்குமே, அந்த வகை வைஃபையில் திரையில்லாத போர்டைச் சேர்க்க முயலவே வேண்டாம்.

அப்படிப்பட்ட இடத்தில் கைபேசி ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நண்பரின் மகள் பள்ளித் திட்டத்துக்காக ஜீரோ 2 டபிள்யூ ஒன்றைத் தன் அம்மாவின் ஐபோன் ஹாட்ஸ்பாட்டில் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, பேரு சரியாத்தான் அடிச்சிருக்கேன், நாலு தடவை பாத்துட்டேன்" என்றாள். நானும் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து சரியாகவே இருந்தது. சந்தேகம் வந்து கைபேசித் திரையையும் மடிக்கணினித் திரையையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். "இன்னாருடைய ஐபோன்" என்று ஆங்கிலத்தில் வரும் பெயரில் எஸ் எழுத்துக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி. கைபேசியில் அது வளைந்த குறி, அவள் கீபோர்டில் தட்டியது நேர்க்குறி. நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு எழுத்து. கைபேசியின் பெயரை இடைவெளியும் குறியும் இல்லாத ஒற்றைச் சொல்லாக மாற்றச் சொன்னேன். ஐபோன் ஹாட்ஸ்பாட் அமைப்பில் இணக்கத்தை அதிகப்படுத்தும் தேர்வையும் ஆன் செய்தோம். அது இல்லாவிட்டால் புதிய ஐபோன்கள் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும், ஜீரோவுக்குத் தெரியாது. கார்டை மறுபடி எழுதி, போர்டு கைபேசியில் இணைந்ததாகக் காட்டியதும் அவள் எழுந்து நின்றே விட்டாள்.

சேர்ந்த பிறகு

உள்ளே நுழைந்ததும் இணையம் வருகிறதா என்று பாருங்கள். மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையோடு 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுங்கள். பதில் வரிகள் வந்தால் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்திவிட்டு, எண்ணுக்குப் பதில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால் இணைப்பு சரி, பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் தான் கோளாறு. போர்டின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு எண் கொடுக்கவில்லை, போர்டு தானே ஒன்றை வைத்துக்கொண்டது. முகவரியைப் பார்க்க ஹோஸ்ட்நேம் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு, ஒட்டினாற்போல் பெரிய ஐ.

தேதியையும் பாருங்கள். பை 5-க்கு முந்தைய போர்டுகளில் கடிகாரமே கிடையாது. பை 5-இல் உண்டு, ஆனால் பேட்டரி தனியாகப் பூட்ட வேண்டும். நெட்வொர்க் கிடைத்த பிறகுதான் நேரத்தை வாங்கிக்கொள்ளும். நேரம் பின்தங்கியிருந்தால் பாதுகாப்பான தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், மென்பொருள் புதுப்பிப்பு நடக்காது. ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

போர்டின் முகவரி மாறிக்கொண்டே இருந்தால் தொல்லை. அதற்குப் போர்டில் எண்ணைக் கையால் எழுதுவதைவிட ரூட்டரிலேயே முகவரி ஒதுக்கீடு செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கருவிகளுக்கு எண் வழங்கும் ரூட்டரின் டிஹெச்சிபி பகுதியில், இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண் என்று குறித்துவிடலாம். ரூட்டரை மாற்றினாலும் போர்டு பழைய எண்ணோடு தனியாக மாட்டிக்கொள்ளாது. லேனுக்கும் வைஃபைக்கும் வெவ்வேறு மேக் முகவரி (ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்) என்பதை மட்டும் மறக்காமல், வைஃபையின் மேக் முகவரிக்கு ஒதுக்குங்கள்.

இப்போது போர்டை அதன் இடத்துக்குக் கொண்டுபோகலாம். வயரைப் பிடுங்காமல், எஸ், யு, டி, ஓ, இடைவெளி, பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், ஓ, எஃப், எஃப் (பவர் ஆஃப் என்ற ஆங்கிலச் சொற்கள் ஒட்டினாற்போல்) என்று தட்டி, விளக்கு அடங்கிய பிறகு எடுங்கள். ஆன்டெனா போர்டிலேயே பதிந்திருப்பதால் சுற்றிலும் உலோகப் பெட்டி போட்டால் சிக்னல் குறையும். பை 4, பை 5-இல் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் இணைத்திருந்தால் அதன் கேபிள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழும். டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அல்லது போர்டை 5-க்கு மாற்றுங்கள். நடுவில் இரண்டு மூன்று சுவர் இருந்தால் 2.4 தான் நன்றாகப் போகும். எஸ்எஸ்எச்சில் தட்டும்போது எழுத்துகள் திக்கித் திக்கி வந்தால் வைஃபையின் மின்சேமிப்பு காரணமாக இருக்கலாம். நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்தால் அது நின்றுவிடும்.

இன்னொன்றையும் இன்றே செய்துவிடுங்கள். கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, என்எம்டியுஐ திரையில் அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டாவது வைஃபையாகச் சேர்த்து வையுங்கள். ரூட்டர் கடவுச்சொல்லை ஒருநாள் மாற்றுவீர்கள், அப்போது போர்டு எங்கோ அலமாரிக்கு மேலே இருக்கும். ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்துகொண்டு பக்கத்தில் போய் நின்று போர்டை ஒரு முறை அணைத்து ஆன் செய்தால், அது உங்கள் கைபேசியைத் தேடி வந்து இணைந்துகொள்ளும். மடிக்கணினியையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து உள்ளே போய், புதிய கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாம். கார்டைக் கழற்ற வேண்டியதே இல்லை.